முதுகில் திறந்த ஜாக்கெட்

மோட்டார் சைக்கிளில் ஏறுமுன் கஸ்தூரி தன் ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றி அணிகிறார். கைகளை முன்னாலிருந்து நுழைத்து, நெஞ்சை மூடிக்கொண்டு, ஜிப்பை முதுகுப் பக்கம் திறந்தபடி விட்டுவிடுவார். இந்த வாழ்க்கைச் சித்திரத்தில் இதைவிடப் பெரிய தகவல் எதுவும் வரப்போவதில்லை. அவசரமாகப் போக வேண்டியவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

இறங்காதவர்களுக்கு ஒரு விளக்கம். மலேசியாவின் ஜோகூரில் மோட்டார் ஓட்டுகிறவர்களில் ஜாக்கெட்டை நேராகப் போடுபவர்கள் இரண்டே வகை: அன்றுதான் வாங்கியவர்கள், வெளியூர்க்காரர்கள். காற்று எதிரிலிருந்து வருகிறது. ஜிப்பு காற்றைக் கண்டால் பல்லிளிக்கும். ஆகவே பல்லில்லாத முதுகுத் துணியைக் காற்றுக்குக் காட்டுவது என்று இந்த மாநிலத்தின் மோட்டார் சமூகம், கூட்டம் போடாமல், தலைவர் செயலாளர் தேர்ந்தெடுக்காமல், ஒருமனதாக முடிவு செய்துவிட்டது. நம்மவர்கள் சங்கம் வைக்காமல் ஒற்றுமையாக இருந்த ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

கஸ்தூரி ஆயர் ஈத்தாமில் பிறந்தார். நெடுஞ்சாலையோரப் பூந்தொட்டிக் கடையில், உடையாமல் இருக்கப் பழைய பத்திரிகையைக் கசக்கித் தொட்டிக்குள் திணிக்கும் பணியில் இளமையைச் செலவிட்டார். பிறகு மூவார்க்காரர் ஹேமநாதனை மணந்து பெர்மாஸ் ஜெயாவில் குடியேறினார். இப்போது சிங்கப்பூரில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் பெரிய சமையற்கூடத்தில், தட்டுகளில் கரண்டி வைக்கிறார். முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம். ஆகாயத்தில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இவ்வளவு வசதி செய்து கொடுக்கும் கஸ்தூரி, பூமியில் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். உட்கார்ந்தால் பாலம் நெரிசலாகிவிடும்.

பாலம் என்றால் சிங்கப்பூருக்குப் போகும் கடற்பாலம். கஸ்தூரி விடியுமுன் கண் திறந்ததும், சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாலத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்ப்பார். நெரிசல் என்றால் "ஜேம்" என்பார், இல்லையென்றால் "ஜேம் இல்ல" என்பார். இரண்டையும் ஒரே அவநம்பிக்கையோடு சொல்வார்.

கணவர் ஹேமநாதனின் பழக்கம் வேறு. மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலையில் வளர்ந்த கை அது. மேசை, கதவு, கட்டில், எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டி, காது கொடுத்து, "பிளைவுட்" என்று தீர்ப்புச் சொல்வார். பெண் பார்க்கப் போன இடத்தில் முதலில் அலமாரியைத் தட்டியவர் அவர். பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்குத் தாமதமாகத்தான் பதில் வந்ததாம்.

இந்தத் தம்பதிக்கு லோஷினி என்று ஐந்து வயதில் ஒரு மகள். பிள்ளைக்கு என்னென்ன கற்றுக்கொடுப்பது என்று இருவரும் திட்டம் போட்டே வைத்திருந்தார்கள். வாய்ப்பாடு, தேவாரம், பெரியவர்களைக் கண்டால் வணக்கம். லோஷினி அவற்றில் ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொடுக்காததை எல்லாம் கற்றுக்கொண்டாள்.

காலையில் எழுந்ததும் ஒரு காலிச் சோப்புப் பெட்டியை முகத்துக்கு நேரே பிடித்து விரலால் தள்ளிப் பார்ப்பாள். "ஜேம்" என்று பெருமூச்சு விட்ட பிறகே குளியலறைக்குப் போவாள். ரொட்டியை நின்றுகொண்டு, ஒரு காலில் சப்பாத்தை மாட்டியபடி தின்பாள். மைலோவைக் கோப்பையில் கொடுத்தால் தொட மாட்டாள். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைக் கட்டி, உறிஞ்சுகுழாய் செருகி, மூன்று சக்கரச் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிட வேண்டும். அம்மாவும் தேத்தண்ணியைக் கடையில் அப்படித்தானே வாங்கித் தொங்கவிட்டுக்கொண்டு போகிறாள். ஏறுமுன் இடுப்பில் இரண்டு பக்கமும் தட்டி, "பாஸ்போர்ட், ஹேண்ட்போன், சாவி" என்று சரிபார்ப்பாள். கவுனில் பையே கிடையாது என்பது அவளைத் தடுத்ததில்லை. வழியில் நாற்காலி குறுக்கிட்டால், "யப்பா லோரிக்காரரே, கண்ண எங்க வச்சிருக்கீங்க" என்று கேட்பாள். பிறகு நாற்காலியைத் தட்டி, "பிளைவுட்."

இதில் வியப்பு என்னவென்றால், இதெல்லாம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது என்று பெற்றோர் இருவருக்கும் விளங்கவில்லை.

"டிவி பாத்துக் கெட்டுப் போறா," என்றார் ஹேமநாதன், சுவரைத் தட்டியபடி.

பாலர் பள்ளியில் குளிர்சாதனம் கடுமை. அதனால் எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிப் பெயர் போட்ட நீல ஜாக்கெட் உண்டு. லோஷினி அதை அம்மாவைப் போலவே முன்பின்னாகப் போட்டுக்கொண்டாள். ஆசிரியை கழற்றி, நேராக மாட்டி, ஜிப்பை இழுத்துவிட்டார். ஆசிரியை திரும்புவதற்குள் ஜாக்கெட்டும் திரும்பியிருந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக் கைக்கு ஜிப்புப் பூட்ட வராது. யாரையாவது கெஞ்ச வேண்டும். முன்பின்னாகப் போட்டால் யாருடைய தயவும் தேவையில்லை. இந்தச் சுதந்திரத்தின் ருசி மெல்லப் பரவியது. மாத முடிவில் வகுப்பு முழுவதும் முதுகு திறந்து நடமாடியது. கழிப்பறைக்குப் போகும் வரிசை பாலத்தைப் போல இரண்டாகப் பிரிந்தது: ஒன்று காடி, அதாவது கார், போகும் பாதை, மற்றது மோட்டார் பாதை. மோட்டார் பாதையில் நின்றவர்கள் இடுக்கில் புகுந்து முந்தினார்கள். முன்பெல்லாம் தாலாட்டித் தூங்க வைக்கப்பட்ட பொம்மைகள் இப்போது கடவுச்சீட்டு பார்க்கும் குடிநுழைவுச் சாவடியில் நிறுத்தப்பட்டு, முகம் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டன.

தலைமை ஆசிரியை சந்திரமதி இதைச் சும்மா விடக்கூடியவர் அல்லர். அவர் ஹோட்டலில் நடந்த பிள்ளை வளர்ப்புக் கருத்தரங்கில் இரண்டு நாள் இருந்து, மதியச் சாப்பாடும் சான்றிதழும் பெற்றவர். அங்கே கிடைத்த ஞானத்தைப் பெரிய பதாகையாக அடித்து வாசலிலேயே கட்டியிருந்தார்: 'பெற்றோரே பிள்ளையின் முன்மாதிரி.' ஆண்டு விழாவுக்கும் அதுதான் தலைப்பு. பிள்ளைகள் தங்கள் பெற்றோரைப் போல உடுத்தி மேடையேறி, ஒலிவாங்கியில் ஒரு வாக்கியம் பேச வேண்டும். அந்தப் பதாகையின் கீழே நடந்துதான் ஹேமநாதனும் கஸ்தூரியும் மகளோடு அலுவலகத்துக்குள் போனார்கள்.

"உக்காருங்க," என்றார் சந்திரமதி டீச்சர்.

கஸ்தூரி நின்றார். லோஷினியும் நின்றாள். ஹேமநாதன் மட்டும் உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க பாக்குறதத்தான் செய்யும். வீட்டுல நாம எப்படி இருக்கமோ, அதான் இங்க வருது. நின்னுகிட்டே பசியாறுது. தண்ணிய பையில கட்டிக் கேக்குது. ஜாக்கெட்ட..." டீச்சர் சொல்லத் தகாத ஒன்றைச் சொல்லும் முகத்தோடு குரலைத் தணித்தார். "பின்னாடி முன்னாடியா போடுது. ஒரு புள்ள இல்ல, இப்ப எல்லாப் புள்ளையும்."

"மோட்டர்ல அப்படித்தான் டீச்சர் போடுவோம். காத்து அடிக்கும்ல."

"கிளாஸ்ல ஏதும்மா காத்து?"

"ஏர்கோன் போட்டிருக்கீங்களே."

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடைவெளியில் லோஷினி மேசையருகே போய், முட்டியால் தட்டி, காதை வைத்தாள்.

"பிளைவுட்."

"இது தேக்கு," என்றார் டீச்சர்.

லோஷினி அப்பாவைப் பார்த்தாள். ஹேமநாதன் கூரையைப் பார்த்தார். நியாயமாகச் சொல்ல வேண்டும்: லோஷினி தர்பூசணியையும் பிளைவுட் என்றுதான் சொல்வாள். ஆனால் அந்த மேசையைப் பற்றிய உண்மையை ஹேமநாதன் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"கான்சர்ட் வருது," என்றார் டீச்சர், தேக்கின் மேல் முழங்கையை ஊன்றி. "உங்க மக என்னவா வருதுன்னு கேட்டேன். 'ஜாக்கெட்டு போட்டு, ஹெல்மட் போட்டு, எங்கம்மாவா வருவேன்'னு சொல்லுது."

"அம்மா அப்பா மாதிரி வரணும்னுதானே டீச்சர் சொன்னீங்க."

"மாதிரின்னா அந்த மாதிரி இல்லம்மா. நல்ல மாதிரி. நாலு பேரு பாக்குறாங்க, பேஸ்புக்ல போடுறோம். நீங்க ஏர்லைன்லதானே வேலை? அழகா ஏர்ஹோஸ்டஸ் உடுப்பு போட்டு அனுப்புங்க. கழுத்துல சின்ன துணி, தொப்பி. கியூட்டா இருக்கும்."

"நான் தட்டுல கரண்டி வக்கிறேன் டீச்சர்."

"அதுவும் ஏர்லைன்தானே." டீச்சர் கனிவாகச் சிரித்தார். "ஜாக்கெட்டோட வந்தா மேடை ஏத்த முடியாது. சொல்லிட்டேன். அப்புறம் புள்ள கீழ உக்காந்து அழுதா எனக்குத்தான் கஷ்டமா இருக்கும். அதுக்குள்ள வீட்டுல கொஞ்சம் மாத்திப் பாருங்க. பெற்றோர்தான் முன்மாதிரி."

லோஷினி மேடை ஏறுவாளா மாட்டாளா என்பது இப்படியாகக் கஸ்தூரியின் முதுகு ஜிப்பில் வந்து தொங்கியது. வீட்டு வாசலில் ஹெல்மட்டைக் கழற்றியபடி கஸ்தூரி கேட்டார்.

"நான் செய்யறத அவ செய்யக் கூடாதுன்னா, நான் என்னாங்க அவ்வளவு கேவலமாவா பொழைக்கிறேன்?"

"அப்படிச் சொல்லல லா அவங்க," என்றார் ஹேமநாதன். சற்று யோசித்து, "அப்படித்தான் சொன்னாங்க," என்றார்.

ஆனாலும் கஸ்தூரி மகளுக்காகத் திருந்தினார். மறுநாள் முதல் உட்கார்ந்து பசியாறினார். ரொட்டி சரியாகத்தான் இறங்கியது. பாலம்தான் நெரிசலாகி, வேலைக்குத் தாமதமாகப் போய், மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். தேத்தண்ணியைக் கோப்பையில் குடித்தார், அதற்கும் தாமதம். ஜாக்கெட்டை நேராகப் போட்டு, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, நல்ல குடும்பத்துப் பெண்ணாகப் பாலத்தில் போனார். ஜிப்பின் ஒவ்வொரு பல்லிடுக்கிலும் காற்று நுழைந்து நெஞ்சை விசாரித்தது.

அடுத்த வீட்டுக் காளிதாஸ் அவருடைய பாலத்துக் கூட்டாளி. அவர் மகன் ஜீவனும் லோஷினி வகுப்புதான். சாவடி வரிசையில் பக்கத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு அவர் கஸ்தூரியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாக்கா, ஜாக்கெட்ட நேரா போட்டிருக்க. ஆபீஸ் வேலை கெடச்சிருச்சா?"

"முன்மாதிரியா இருக்கேன்டா."

"அலமாக். சம்பளம் ஏத்துவாங்களா அதுக்கு?"

கஸ்தூரி பதிலுக்கு இருமினார்.

வார இறுதியில் இருமல் கட்டிலில் படுக்க வைத்தது. லோஷினி பக்கத்தில் வந்து நின்று, கதவில் தொங்கிய ஜாக்கெட்டைக் காட்டினாள்.

"அம்மா, நீ ஜாக்கெட்ட தப்பா போடுற."

"டீச்சர் அதான் சரின்னாங்கம்மா."

"டீச்சர் மோட்டர் ஓட்டுவாங்களா?"

"இல்ல. காடி."

லோஷினி இதைச் சிந்தித்தாள். போய் ஜாக்கெட்டை இழுத்துக் கொண்டுவந்து, அம்மாவின் நெஞ்சின் மேல் முன்பின்னாகப் போர்த்தி, இரண்டு தட்டுத் தட்டினாள். மோட்டார் இருக்கையைக் கஸ்தூரி தட்டுகிற அதே தட்டு.

கஸ்தூரியின் சீர்திருத்த காலம் அத்துடன் முடிவுற்றது. ஓர் ஆட்சி இவ்வளவு சீக்கிரம் கவிழ்ந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. அன்று மாலையே டீச்சருக்குக் குரல்பதிவு அனுப்பினார்.

"டீச்சர், லோஷினி என்னைய மாதிரிதான் வருவா. ஏர்ஹோஸ்டஸ் எங்க வீட்டுல யாரும் இல்ல. மேடையில ஏத்துறதும் ஏத்தாததும் உங்க இஷ்டம். அவ ஜாக்கெட்ட நான் திருப்ப மாட்டேன்."

பதிலாக ஒரு கைகூப்பும் படம் வந்தது. அது வாழ்த்தா, வருத்தமா, வழியனுப்புதலா என்று ஹேமநாதன் வெகுநேரம் ஆராய்ந்தார்.

விழா சனிக்கிழமை பிற்பகல், சமூக மண்டபத்தில். பெர்மாஸ் ஜெயாவில் இத்தனை டாக்டர்கள் இருப்பது அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. மேடையோரம் நின்ற வரிசையில் பாதிக்கு மேல் வெள்ளை அங்கி. மீதியில் வக்கீல்கள், இரண்டு விமானிகள், ஒரு நீதிபதி. பெற்றோர்களோ கீழே உட்கார்ந்திருந்தார்கள்: லோரி ஓட்டுகிறவர், தொழிற்சாலையில் கணினிச் சில்லு சோதிக்கிறவர், காவல் வேலை பார்க்கிறவர், மீ கோரெங் கடை வைத்திருக்கிறவர். தங்கள் முன்மாதிரித்தனத்தைப் பிள்ளைகள் இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றுவதைக் கண்டு அவர்கள் புகைப்படம் எடுத்துத் தள்ளினார்கள். காளிதாஸ் சிங்கப்பூரில் குளிர்சாதன இயந்திரங்களைக் கழுவுகிறார். அவர் மகன் ஜீவன் கழுத்தில் இதயத்துடிப்புக் கருவியோடு வரிசையின் தலையில் நின்றான்.

லோஷினி முன்வரிசையில், ஹெல்மட்டுடன், நீல ஜாக்கெட் முதுகு திறந்திருக்க, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்தாள். கஸ்தூரி பாதி நாள் வேலை முடித்து, பாலத்தில் மழையில் நனைந்து நேரே வந்திருந்தார். அவருடைய ஜாக்கெட்டும் அப்படியே இருந்தது. டீச்சர் வந்து குனிந்தார்.

"கடைசியா கேக்குறேன். தொப்பி இருக்கு, ஸ்கார்ப் இருக்கு. ரெண்டு நிமிஷத்துல மாத்திரலாம்."

"வேணாம் டீச்சர்."

"புள்ள ஏமாந்து போவும்."

"என்னைய மாதிரி வராம இருந்தாதான் ஏமாந்து போவா."

டீச்சர் மேடைக்குப் போனார். நிகழ்ச்சி தொடங்கியது. முதலில் டாக்டர் ஜீவன் அழைக்கப்பட்டார். மேடைப் படியின் உச்சிவரை வந்து கூட்டத்தைப் பார்த்தார். உறைந்தார். பின்னால் வந்த வக்கீல் அவர் மேல் மோதினார். வக்கீலின் அங்கி விமானியின் சிறகில் சிக்கியது. நீதிபதி அழத் தொடங்கினார். படி முழுவதும் அடைபட்டது. ஆசிரியைகள் மேலிருந்தும் கீழிருந்தும் தள்ளினார்கள். ஒருவரும் அசையவில்லை.

லோஷினி சோப்புப் பெட்டியை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"ஜேம்," என்றாள்.

நாற்காலியிலிருந்து இறங்கினாள். இடுப்பில் இரண்டு பக்கமும் தட்டினாள். படியை நோக்கி நடந்து, டாக்டருக்கும் கைப்பிடிச் சுவருக்கும் இடையில் தோளைச் சாய்த்து நுழைந்தாள். நெரிசலில் காடிகள் நிற்கும், மோட்டார்கள் நிற்பதில்லை. இது பாலத்தின் சட்டம், அவள் பாலத்தின் பிள்ளை.

"புடி லா அவள," என்றார் ஹேமநாதன், பாதி எழுந்து.

கஸ்தூரி அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். "மோட்டர் லேன்ல போறா. விடுங்க."

லோஷினி நீதிபதியைத் தாண்டும்போது, "கண்ண எங்க வச்சிருக்கீங்க" என்று கேட்டாள். ஜீவனைத் தாண்டி மேடைக்கு வந்தாள். ஒலிவாங்கியின் தண்டைத் தட்டிப் பார்த்து, "பிளைவுட்" என்றாள். அது மண்டபம் முழுவதும் எதிரொலித்தது. சந்திரமதி டீச்சர் கையை நீட்டிக்கொண்டு விரைந்து வந்தார். கஸ்தூரி எழுந்து நின்றார். எப்போதும் நின்று பழகியவர்.

"சொல்லி முடிக்கட்டும் டீச்சர்."

அவர் சத்தம் போடவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் காளிதாஸ், "ஆமா டீச்சர், எப்படியும் படி ஜேம்தானே," என்றார். யாரோ சிரித்தார்கள். டீச்சரின் கை பாதியில் நின்றது.

லோஷினி ஒலிவாங்கியின் முன்னால் குனிந்தாள். தூங்குகிற யாரையோ பார்ப்பதுபோலக் கீழே பார்த்தாள்.

"தூங்குறியா?" என்றாள் மெதுவாக. "தூங்கு. அம்மா வேலைக்குப் போறேன். இருட்டுறதுக்குள்ள வந்துருவேன். ஜேம் இல்லன்னா."

காற்றில் ஒரு கன்னத்தைத் தடவினாள். பிறகு இல்லாத மோட்டாரின் இருக்கையை இரண்டு தட்டு, கைப்பிடியை ஒரு முறுக்கு.

கஸ்தூரி இதைத் தினமும் விடியுமுன் மகளின் காதருகே சொல்கிறார். மகள் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருந்தார். தூங்காமல் கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. முன்வரிசையில் நின்ற கஸ்தூரி உட்காரவில்லை. அழவும் இல்லை, அழுதார் என்று எழுதினால் கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் இது உண்மை வாழ்க்கைச் சித்திரம். தாடையை மட்டும் சற்று உயர்த்திக்கொண்டார்.

கைதட்டல் வருமுன் டீச்சர் தன் கடமையை நினைத்துக்கொண்டார். "சரிம்மா. நல்லா இருந்துச்சு. இப்பவாவது ஜாக்கெட்ட திருப்பிப் போட்டுக்க, போட்டோ எடுக்கலாம்."

"காத்து வரும் டீச்சர்," என்றாள் லோஷினி.

அவள் வந்த வழியே இடுக்கில் இறங்கிப் போய்விட்டாள். பள்ளியின் பேஸ்புக்கில் அவள் படம் இல்லை. அந்தக் குறையைக் காளிதாஸ் தீர்த்துவிட்டார். மேடையில் நடந்ததைப் படம்பிடித்து அவர் ஏற்கெனவே பாலத்து மோட்டார்க்காரர்களின் கைப்பேசிக் குழுவுக்கு அனுப்பியிருந்தார். அன்று அந்தக் குழுவில் யாரும் நெரிசலைப் பற்றிக் கேட்கவில்லை.

விழா முடிந்தபோது வெளியே மழை. பெற்றோர்கள் மோட்டார் நிறுத்துமிடத்தில் கூடி, ஜாக்கெட்டுகளை எடுத்து, கைகளை முன்னாலிருந்து நுழைத்தார்கள். காளிதாஸ் மகனைத் தூக்கி முன்னால் உட்கார வைத்தார். வெள்ளை அங்கி நனைந்து காற்றில் பறந்தது.

"கழட்டுடா. இப்படிப் போடு."

ஜீவன் டாக்டர் அங்கியைக் கழற்றி, முன்பின்னாக மாட்டிக்கொண்டார். பக்கத்து மோட்டாரில் இன்னொரு டாக்டரும் அப்படியே செய்தார். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். அறுவைச் சிகிச்சை செய்யும் டாக்டர்கள் அங்கியை அப்படித்தான் முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்டு அணிவார்கள். ஆகவே சந்திரமதி டீச்சருக்கு இதில் ஆட்சேபணை இருந்திருக்க முடியாது. அவர் தம் காடியில், வாசல் நெரிசலில், மழைத்துடைப்பான் அசைய, அத்தனை நிபுணர்களும் தம்மைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கடந்த மோட்டாரில் ஹேமநாதன் பின்னால், லோஷினி நடுவில், கஸ்தூரி முன்னால். லோஷினி சோப்புப் பெட்டியை டீச்சரின் கண்ணாடிக்கு நேரே தூக்கிக் காட்டி, உதட்டைப் பிதுக்கினாள். கஸ்தூரி வேகத்தைக் குறைக்கவில்லை.